செக்-இன் பெட்டியில் துப்பாக்கி: பூட்டு, தோட்டா, நடுவில் ஓர் இரவு

நீள்குழல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு போட்டியில் கலந்துகொள்வதற்காக நானும் என் மகளும் முதன்முறையாகத் துப்பாக்கிகளுடன் விமானத்தில் வெளிநாடு செல்ல இருக்கிறோம். நான் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப் பிரிவில் 12 போர் (குழலின் உள்ளளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி பயன்படுத்துபவன்; மகள் 50 மீட்டர் பிரிவில் .22 ரைஃபிள் பயன்படுத்துகிறாள். இருவருக்கும் தனித்தனியே உரிமம் இருக்கிறது. போட்டி அமைப்பாளர்களின் அழைப்புக் கடிதமும் வந்துவிட்டது. இதுவரை எல்லாப் போட்டிகளுக்கும் காரிலேயே சென்று திரும்பியவர்கள் என்பதால், விமான நிலையத்தில் என்ன நடக்கும், எங்கே நிறுத்துவார்கள், யார் திறந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் புதிது.

துப்பாக்கியோ அதன் உறுப்புகளோ கைப்பையில் இருக்கக் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது வரை புரிந்துகொண்டேன். அதற்கு மேல் படிக்கப் படிக்கக் குழப்பமே மிஞ்சுகிறது. தோட்டாக்களைத் துப்பாக்கியுடன் ஒரே பெட்டியில் வைக்கலாம் என்று ஓரிடத்திலும், கூடவே கூடாது என்று வேறோரிடத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு 5 கிலோ தோட்டா அனுமதி என்றால், இருவருக்கும் சேர்த்து 10 கிலோவை ஒரே பெட்டியில் வைத்து என் பெயரிலேயே அனுப்பிவிடலாமா? பூட்டைப் பொறுத்தவரை, அமெரிக்க விமானப் பயணப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் அதிகாரிகள் தங்கள் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய டி.எஸ்.ஏ. பூட்டு வாங்க வேண்டுமா, அல்லது உறுதியான சாதாரணப் பூட்டே போதுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் குறைவாக இருந்ததால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனிப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். நடுவில் வேறொரு நாட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் அடுத்த விமானம் ஏறுகிறோம். பெட்டிகளை அங்கே எடுத்து அறைக்குக் கொண்டுபோய், மறுநாள் மீண்டும் ஒப்படைத்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

ஐயா, நீங்கள் போகிற போக்கில் கடைசியாக எழுதிய பத்திதான் முதலில் கவனிக்க வேண்டியது. பூட்டும் பெட்டியும் ஒரு மாலைப்பொழுதில் சரிசெய்துவிடக்கூடியவை. நடுவில் ஒரு நாட்டின் மண்ணில் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் இரவு தங்குவது என்பது, சட்டத்தின் பார்வையில் அந்த நாட்டிற்குள் துப்பாக்கியை இறக்குமதி செய்வதாகும். அங்கே உங்களுக்குப் போட்டியும் இல்லை, அழைப்பும் இல்லை, உரிமமும் இல்லை. உங்கள் நாட்டு உரிமம் அந்த எல்லையைத் தாண்டியவுடன் அடையாளச் சான்றாக மட்டுமே மிஞ்சுகிறது.

பல ஆண்டுகளாக இளம் வீரர்களை அழைத்துச் சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் பயணத்தில் பெரும்பாலானோர் விமான நிறுவனம் ஒப்புக்கொண்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அனுமதி தர வேண்டியவர்கள் நான்கு தரப்பினர்: புறப்படும் நாடும் சேரும் நாடும், அவற்றுக்கு நடுவில் பெட்டி தரையிறங்கும் நாடு, இறுதியாக விமான நிறுவனம். இவற்றில் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

சேரும் நாட்டின் நடைமுறை ஒவ்வொன்றும் ஒரு விதம். ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் குடியிருப்பவர்கள் ஒரு உறுப்பு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல ஐரோப்பிய துப்பாக்கிக் கடவுச்சீட்டு என்ற ஆவணம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நமக்கு அது கிடைக்காது, அந்தந்த நாட்டின் தனி அனுமதியைத்தான் பெற வேண்டும். பிரிட்டனுக்குச் செல்பவருக்காக அங்கே வசிக்கும் ஒருவர் பொறுப்பேற்று, வருகையாளர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கனடாவில், குடியிருப்பாளர் அல்லாதவர் நிரப்பும் அறிவிப்புப் படிவத்தை எல்லையில் சுங்க அதிகாரி உறுதிப்படுத்திய பின் அது 60 நாட்களுக்குத் தற்காலிக உரிமமாகச் செல்லும். அமெரிக்காவுக்குப் போட்டிக்காகச் செல்லும் வெளிநாட்டவர், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 6 என்.ஐ.ஏ. என்ற படிவத்தில் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி பெற்றிருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை வாரக்கணக்கில் நேரம் எடுப்பவை. அழைப்புக் கடிதம் இந்த விண்ணப்பங்களுடன் இணைப்பதற்கான ஆதாரம் மட்டுமே, அதுவே அனுமதியாகிவிடாது. அடுத்த மாதம் என்கிறீர்கள். இன்றே போட்டி அமைப்பாளர்களுக்கு எழுதி, அவர்கள் தரப்பில் எந்தப் படிவம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். துப்பாக்கியின் தயாரிப்பு, வகை, போர் அளவு, வரிசை எண் ஆகியவற்றை அவர்கள் கேட்பார்கள். அந்த எண் உரிமத்திலும் துப்பாக்கியின் உடலிலும் படிவத்திலும் ஓரெழுத்துகூடப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எண் 0 இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து ஓ என்று தட்டச்சு செய்யப்பட்டதற்காக ஒரு பையனை நான்கு மணி நேரம் உட்கார வைத்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி பெட்டிக்கு வருவோம். துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும் என்பதன் பொருள், தோட்டா அறையிலும், தோட்டாக்களை அடுக்கிச் செருகும் மேகசினிலும் எதுவும் இருக்கக் கூடாது என்பதாகும். மகளின் ரைஃபிளில் தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியாக உறையிட்டு, அதே பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். போல்ட்டும் மேகசினும் துப்பாக்கியின் உறுப்புகள் என்பதால் அவற்றைக் கைப்பையில் வைக்க முடியாது. உங்கள் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குழல், முன்பிடி, அடிக்கட்டை என்று மூன்றாகப் பிரித்து வைத்தால், பெட்டியும் சிறிதாகும், திறந்து பார்க்கிறவருக்கும் ஒரே பார்வையில் காலி என்று தெரிந்துவிடும். ரைஃபிளின் அறையில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கொடியைச் செருகி வைப்பது விதியில் இருக்கிறதோ இல்லையோ, கவுன்டரில் நிற்பவர் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருந்தாலும் அவருக்கு நிம்மதி தரும்.

பெட்டி கடினமான ஓடு கொண்டதாக இருக்க வேண்டும். துப்பாக்கி வாங்கும்போது கூடவே வரும் பிளாஸ்டிக் பெட்டியை நம்பாதீர்கள். பல பெட்டிகளில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கும். பூட்டுத் துளைகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையிலும் பூட்டு மாட்டுங்கள். மாட்டிய பிறகு மூலைகளை நீங்களே நெம்பிப் பாருங்கள். உள்ளே கைவிட முடிந்தால் அது பூட்டிய பெட்டி ஆகாது.

கவுன்டருக்குப் பின்னால் எழுதியது:

நான் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைப் பெற்றுக்கொள்ளும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

இருவரின் தோட்டாவையும் ஒரே பெட்டியில் உங்கள் பெயரில் அனுப்பலாமா என்ற கேள்விக்கு நேரான பதில்: கூடாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் ஆபத்தான பொருட்களுக்கான விதிகளில், 1.4எஸ் பிரிவைச் சேர்ந்த (தவறி வெடித்தாலும் பாதிப்பு பெரும்பாலும் பொதிக்குள்ளேயே அடங்குபவை), ஐ.நா. எண் 0012 அல்லது 0014 கொண்ட தோட்டாக்களை மட்டும், சொந்தப் பயன்பாட்டிற்கு, ஒரு பயணிக்குப் பொதிந்த எடை 5 கிலோவுக்கு மிகாமல், நிறுவனத்தின் ஒப்புதலுடன் செக்-இன் பெட்டியில் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பயணிகளுக்கான அளவை ஒரே பொதியாகச் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே மகளின் தோட்டா மகளின் பெயரில், உங்களுடையது உங்கள் பெயரில், தனித்தனிப் பொதிகளாக இருக்க வேண்டும். வெடிக்கும் அல்லது தீப்பற்ற வைக்கும் முனை கொண்ட தோட்டாக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. வெடிமருந்துத் தூளும், மருந்தைப் பற்றவைக்கும் தனியான கேப்புகளும் கைப்பையிலும் செக்-இன் பெட்டியிலும் தடைசெய்யப்பட்டவை. தாமே தோட்டா நிரப்பிச் சுடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

துப்பாக்கியுடன் ஒரே பெட்டியில் வைக்கலாமா என்பதில் நீங்கள் படித்த இரண்டும் உண்மைதான். அமெரிக்காவில், தோட்டாக்கள் அவற்றுக்கென்று செய்த அட்டை, மர, பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டிக்குள் இருந்தால், துப்பாக்கி இருக்கும் அதே பூட்டிய பெட்டிக்குள் வைக்க அனுமதிக்கிறார்கள். வேறு பல நாடுகளும் நிறுவனங்களும் தனிப்பெட்டிதான் என்று பிடிவாதமாக இருப்பார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற வழி தனிப்பெட்டி வழியே. எங்கேயும் எப்போதும் ஏற்கப்படாதது, பையில் உதிரியாகக் கிடக்கும் தோட்டா.

அறிவிப்பது எப்படி என்பதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. இணையத்தில் செக்-இன் செய்தாலும், தானியங்கிப் பெட்டி ஒப்படைப்பு இயந்திரத்தின் பக்கம் போகாதீர்கள். ஆள் இருக்கும் கவுன்டருக்குத்தான் வர வேண்டும். வரிசையில் நிற்கும்போது பெட்டியைத் திறந்து காட்டாதீர்கள். உங்கள் முறை வந்ததும், எடை போடுவதற்கு முன்பே, தாழ்ந்த குரலில், காலியான போட்டித் துப்பாக்கி ஒன்று பூட்டிய பெட்டியில் இருக்கிறது, அதை அறிவிக்க விரும்புகிறேன் என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். இதையே அவசரத்தில் வெறும் இரண்டு சொற்களாகச் சொன்ன ஒரு பயணியால், பக்கத்துக் கவுன்டரில் இருந்த புதிய பெண் நாற்காலியை விட்டே எழுந்து ஓடிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. அறிவித்த பிறகு ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாதுகாப்புப் பிரிவினர் தனி அறையில் உங்கள் முன்னால் திறந்து பார்க்கலாம், அல்லது பெட்டி எக்ஸ்-ரேயைத் தாண்டும் வரை அருகில் காத்திருக்கச் சொல்லலாம். சாவியுடன் நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். சரி என்று அவர்கள் சொல்வதற்கு முன் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போய்விட்டால், திறக்க ஆளில்லாத பெட்டி விமானத்தில் ஏறாது. வழக்கமான நேரத்தைவிட ஒன்றரை மணி நேரமாவது முன்கூட்டி வாருங்கள்.

படிவத்தைப் பெட்டியின் வெளியே ஒட்டச் சொன்னால் பணிவாகக் காரணம் கேளுங்கள். உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்பதை வெளியில் எழுதுவது திருடனுக்கு அழைப்பு வைப்பதற்குச் சமம். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு வில்லையைப் பயணியின் பெட்டிக்கு வெளியே ஒட்ட வைக்கக் கூடாது என்று நிறுவனங்களுக்கே தடை இருக்கிறது. அதே காரணத்திற்காக, துப்பாக்கி நிறுவனங்களின் சின்னங்களைப் பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாக இருக்கும்.

துப்பாக்கியை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கோட்டைவிடும் இரண்டு பொருட்கள் உண்டு. துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் கரைப்பான்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. அவற்றை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மின்னணுக் காதுக்கவசத்திற்கும் குறிநோக்கிக்கும் உபரியாக எடுத்துச்செல்லும் லித்தியம் மின்கலங்கள் இதற்கு நேர்மாறு. அவை செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். துப்பாக்கிப் பெட்டியை வரிசையிலிருந்து எடுத்து மறுபடி திறக்கச் சொன்னதற்கு இந்தச் சின்ன மின்கலங்களே காரணமாக இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான்காம் நிலை எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றுடன் எனக்கு உடன்பாடு உண்டு. பூட்டைப் பற்றி யாரும் பதில் சொல்லாததால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் டி.எஸ்.ஏ. பூட்டுதான் பயன்படுத்துகிறேன், எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. அதிகாரிகள் திறக்க வேண்டுமென்றால் அவர்களே திறந்துகொள்வார்கள், பூட்டை வெட்ட மாட்டார்கள், நாமும் ஓடி வர வேண்டியதில்லை. டி.எஸ்.ஏ. அமைப்பே தன் வழிகாட்டலில் எந்த வகைப் பூட்டும் ஏற்கத்தக்கது என்றும், தன் பொதுச் சாவியால் திறக்கக்கூடிய பூட்டுகளும் அதில் அடங்கும் என்றும் சொல்லியிருக்கிறது.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

ஏற்கத்தக்கது என்பது வேறு, நல்லது என்பது வேறு என்பேன். அதே அமெரிக்காவின் விதித்தொகுப்பில், செக்-இன் பெட்டியில் துப்பாக்கி செல்வதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக, பெட்டியின் சாவியோ எண் கோவையோ பயணி ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பொதுச் சாவி என்பது பெயரிலேயே அதற்கு எதிரானது. அந்தப் பொதுச் சாவிகளின் ஒளிப்படம் ஒரு நாளிதழில் வெளியாகி, 2015ஆம் ஆண்டில் அவற்றின் முப்பரிமாண அச்சு வரைபடங்கள் இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி பரவிவிட்டன. இன்று அந்தச் சாவிகளை வைத்திருப்பவர்கள் அதிகாரிகள் மட்டும்தான் என்று நம்புவதற்கு இடமில்லை. துணிமணிப் பெட்டிக்கு அது போதும், துப்பாக்கிக்குப் போதாது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரிய சூட்கேஸுக்குள் துப்பாக்கியின் கடினப் பெட்டியை வைத்து அனுப்புகிறவர்கள் இரண்டு பூட்டுகளையும் ஒன்றாகப் பேசுவதால்தான். வெளிச் சூட்கேஸில் டி.எஸ்.ஏ. பூட்டு இருக்கட்டும். உள்ளே இருக்கும் கடினப் பெட்டியில் உங்கள் கையில் மட்டும் சாவி இருக்கும் தடித்த பூட்டு இருக்கட்டும். சாவியை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். மறதியில் அதையும் செக்-இன் பெட்டியிலேயே போட்டு அனுப்பிவிட்ட வீரர் ஒருவரை எனக்குத் தெரியும், அவர் யார் என்று என் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான்காம் நிலை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். என் பெட்டி சூட்கேஸுக்குள்தான் போகிறது. உள் பூட்டைத் தனியாக நினைத்துப் பார்த்ததில்லை. மாற்றிவிடுகிறேன்.

வழக்குப் படிப்பவர் எழுதியது:

நீள்குழல் ஐயா, இடையில் தங்கும் அந்த இரவைப் பற்றிப் பயிற்சியாளர் சொன்னதற்கு வலுச்சேர்க்க, நீதிமன்றம் வரை போன ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர், சால்ட் லேக் சிட்டியிலிருந்து பென்சில்வேனியாவின் அலென்டவுனுக்குச் செல்லும் வழியில் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் விமானம் மாற வேண்டியிருந்தது. அவர் கைத்துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்து, புறப்படும் இடத்தில் முறைப்படி அறிவித்திருந்தார். நியூவார்க்கிற்கு வந்த விமானம் தாமதமானதால் தொடர் பயணம் தவறியது. பெட்டி அவர் கைக்கு வந்தது. இரவு விடுதியில் தங்கினார். மறுநாள் காலையில் நியூவார்க் கவுன்டரில், சட்டத்தை மதிக்கும் யாரும் செய்வதைப் போல, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று தாமே அறிவித்தார். நியூ ஜெர்சியில் அவருக்கு உரிமம் இல்லை என்பதால் அங்கேயே கைது செய்யப்பட்டார்.

வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. கைது செய்தது தவறு என்று அவர் தொடுத்த வழக்கில், 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தமக்குப் பாதுகாப்பளிக்கிறது என்று வாதிட்டார். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக்கூடிய ஓரிடத்திலிருந்து அப்படிப்பட்ட இன்னோரிடத்திற்குச் செல்பவரை, நடுவில் இருக்கும் மாநிலங்களின் சட்டத்திலிருந்து காக்கும் பிரிவு அது; ஆனால் வழியில் துப்பாக்கியும் தோட்டாவும் அவருக்கு எளிதில் எட்டும் நிலையில் இருக்கக் கூடாது. விடுதியில் இருந்த அந்த இரவு முழுவதும் பெட்டி அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது என்பதைச் சுட்டி, மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவருடைய நிலை கடினமானது என்பதை நீதிபதிகளும் உணர்ந்தே இருந்தார்கள். பெட்டியைக் கையில் வாங்காமல் அன்றிரவு விமான நிலையத்திலேயே அதிகாரிகளின் பொறுப்பில் விட்டிருக்கலாம் என்பதுதான் அவர்கள் காட்டிய வழி.

ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்கு நடுவில், தம் தவறே இல்லாமல் விமானம் தவறியவருக்கே இந்த நிலை. நீங்கள் முன்கூட்டியே திட்டமிட்டு, வேறொரு நாட்டில், தனிப் பயணச்சீட்டுடன் தங்கப் போகிறீர்கள். பெட்டி இறுதி ஊர் வரை நேராகச் செல்லும்படி ஒரே பயணச்சீட்டாக மாற்றிவிடுங்கள். அப்போதும் பெட்டி மாறும் நாட்டில் அதற்கு அனுமதி வேண்டுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெட்டி உங்கள் கண்ணில் படாமல் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் அனுமதி கேட்கும் நாடுகள் இருக்கின்றன. பயணச்சீட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்து, உண்மையில் விமானத்தை இயக்குவது வேறொரு நிறுவனமாக இருந்தால், இயக்குகிறவரின் ஒப்புதலே செல்லும். விமானம் தவறிப் பெட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னால், வாங்காதீர்கள். நிறுவனத்தின் பொறுப்பிலோ சுங்கத்தின் பொறுப்பிலோ வைக்கச் சொல்லி ரசீது கேளுங்கள்.

நீள்குழல் எழுதியது:

இத்தனை விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நியூவார்க் நிகழ்வைப் படித்ததும் முதல் வேலையாகப் பயணச்சீட்டுகளை ரத்து செய்து, ஒரே நிறுவனத்தின் வழிச்சீட்டாக மாற்றிவிட்டேன். நட்டம் கொஞ்சம் உண்டு, போகட்டும். நிறுவனத்திற்கு எழுதிய மின்னஞ்சலுக்கு, இரு துப்பாக்கிகளின் வரிசை எண்களையும் தோட்டா எண்ணிக்கையையும் கேட்டுப் பதில் வந்திருக்கிறது.

அந்த எண்ணிக்கையில்தான் இப்போது தடுமாறுகிறேன். 5 கிலோவுக்குள் எத்தனை அடங்கும்? மேலும், மகளுடன் படிக்கும் ஒரு பெண் இதே போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் கலந்துகொள்கிறாள். ஏர் ரைஃபிளுக்கும் இதே விதிகளா? இன்னொரு சந்தேகம்: பயிற்சிக்குத் தினமும் எடுத்துச்செல்லும் முதுகுப்பையையே கைப்பையாகப் பயன்படுத்தலாம் என்று மகள் சொல்கிறாள், காலியாக்கிவிட்டால் போதும்தானே?

வழக்குப் படிப்பவர் எழுதியது:

அந்த முதுகுப்பையை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பயிற்சிக்களத்திற்குப் போய்வந்த பையின் உள்துணியின் கிழிசலுக்குள்ளும் பக்கவாட்டுப் பையின் மூலையிலும் .22 தோட்டா ஒளிந்துகொள்வதைப் போல வேறெதுவும் ஒளியாது. 2024ஆம் ஆண்டில் கரீபியப் பகுதியின் டர்க்ஸ் அண்ட் கேக்கோஸ் தீவுகளுக்குச் சுற்றுலா சென்ற அமெரிக்கர்கள் சிலர், பெட்டியில் தெரியாமல் தங்கிவிட்ட தோட்டாக்களுக்காகத் திரும்பும்போது விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். அந்தத் தீவுகளின் சட்டத்தில் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 12 ஆண்டுகள் சிறை. நீதிமன்றம் அவர்களுடைய சூழ்நிலையைக் கருதி நிறுத்திவைத்த தண்டனையும் அபராதமுமாக முடித்தது, பின்னர் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனாலும் சிலர் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. புறப்பட்ட ஊரின் சோதனையில் சிக்காத தோட்டா திரும்பும் ஊரின் சோதனையில் சிக்கியது என்பதையும் கவனியுங்கள். முதல் எக்ஸ்-ரேயைத் தாண்டிவிட்டதால் பை சுத்தம் என்று பொருளில்லை.

மறதி எத்தனை பரவலானது என்பதற்கு ஒரு கணக்கு: 2023ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் பயணிகள் சோதனையில், கைப்பைகளிலும் ஆடைகளிலும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, அவற்றில் 93 விழுக்காடு தோட்டா நிரப்பியவை. இவர்களில் பெரும்பாலோர் கடத்தல்காரர்கள் அல்லர்.

பழைய பயிற்சியாளர் எழுதியது:

ஏர் ரைஃபிளைத் துப்பாக்கி அல்ல என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொன்னாலும், விமான நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் துப்பாக்கியாகவே நடத்தும். ஆகவே அறிவிப்பு, கடினப் பெட்டி, பூட்டு எல்லாம் உண்டு. ஈயக் குண்டுகளில் வெடிமருந்து இல்லாததால் 5 கிலோ கணக்கில் அவை சேராது. அவளுடைய சிக்கல் காற்றுச் சிலிண்டர். நிரப்பிய சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் இருக்கும். அதை ரைஃபிளிலிருந்து கழற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றி, அழுத்தமானியில் பூச்சியம் தெரியும்படி பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் வால்வே திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் விடுவார்கள். அதைக் கழற்றும் கருவி செக்-இன் பெட்டியிலேயே இருக்கட்டும். போட்டி நடக்கும் இடத்தில் நிரப்பும் வசதி இருக்கும். இணைப்பான் பொருந்துமா என்பதை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளட்டும்.

தோட்டாக் கணக்கில் மகளுக்குக் கவலையே இல்லை. 50 தோட்டாக்கள் கொண்ட .22 பெட்டி ஒன்று 180 கிராம் அளவில்தான் இருக்கும். 500 எடுத்தாலும் 2 கிலோவுக்குள் அடங்கிவிடும். போட்டியில் 60 சுடுதல்கள்தான். குறிசரிபார்ப்பையும் பயிற்சி நாட்களையும் சேர்த்தாலும் அது தாராளம். அவள் தன் துப்பாக்கிக்குப் பொருந்தும் தயாரிப்புத் தொகுதியைச் சோதித்துத் தேர்ந்தெடுத்திருப்பாள், அதை அங்கே போய் வாங்க முடியாது. எனவே எடுத்துச்செல்வதுதான் முறை.

உங்கள் கதை வேறு. 24 கிராம் ஈயம் கொண்ட 12 போர் தோட்டா, கூடு, அடைப்பு, மருந்து எல்லாம் சேர்ந்து ஒன்று 37 கிராம் அளவில் வரும். 25 கொண்ட அட்டைப்பெட்டி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து அட்டைப்பெட்டிகள், அதாவது 125 தோட்டாக்கள், அதோடு உங்கள் எல்லை முடிந்தது. ட்ராப் தகுதிச்சுற்றில் 125 இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம் என்னும்போது இது போதவே போதாது. அனுபவமுள்ள ட்ராப் வீரர்கள் விமானத்தில் தோட்டாவே எடுத்துச்செல்வதில்லை. அமைப்பாளர்களிடம் தோட்டாவின் தயாரிப்புப் பெயரும் ஈயத்தின் எடையும் சொல்லி முன்பதிவு செய்து, களத்திலேயே பெற்றுக்கொள்கிறார்கள். பயிற்சிக்கும் அதே தயாரிப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு, கிடைக்குமானால் இன்றிலிருந்து அதிலேயே பழகத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு உங்கள் பெயரில் தோட்டா இல்லை என்றும், மகளின் பெயரில் மட்டும் 500 என்றும் பதில் எழுதலாம். கவுன்டரில் ஒரு பெட்டி குறையும்.

இல்லை, கொஞ்சமாவது கையோடு இருக்க வேண்டும் என்றால் நான்கு அட்டைப்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 5 கிலோ என்பது பொதிந்த எடை. தோட்டாக்கள் 4.7 கிலோ இருந்து, அவற்றை வைக்கும் உலோகப் பெட்டி ஒன்றரைக் கிலோ இருந்தால் கவுன்டரின் தராசில் தெரிவது 6.2தான். அதைப் பிரித்து விளக்கிக்கொண்டிருக்க அங்கே நேரம் இருக்காது.